ஏழாம் மாதத்து ஈர உடுப்பு

ஏழாம் மாதத்தில் பொழுது சாய்ந்த பிறகு ஈரத்துணியை வெளியே தொங்கவிடக் கூடாது. மழைத் துறைமுக ஊரான கீலுங்கில் இதை யாரும் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்த மாதம் செத்தவர்களின் உலகத்துக் கதவு திறந்து வெளியே வந்து உலவுகிற 'நல்ல அண்ணன்மார்' ஈரத்துணியைக் கண்டால் எடுத்து உடுத்திக்கொள்வார்கள். அவர்களுக்கு உள்ள இன்னொரு பெயரை அந்த மாதம் முழுவதும் ஒருவரும் உச்சரிப்பதில்லை. பேருந்து ஓட்டுகிற ஜின்யேவுக்கும் இதெல்லாம் தெரியும். நாற்பத்தைந்து வயதுக்காரிக்குத் தெரியாமல் இருக்குமா? ஆனாலும் மறந்து தொலைத்தாள். அவள் தொங்கவிட்டது சாதாரணத் துணியாக இருந்தாலும் பரவாயில்லை. கழுத்திலிருந்து கணுக்கால் வரை நீளும் கறுப்பு ரப்பர் உடுப்பு அது. டிப்போவின் பின்பக்கம், வண்டி கழுவுகிற கொட்டகையில், மின்விசிறிக்கு நேராகத் தொங்கியது.

அந்த உடுப்பு வந்த கதையை முதலில் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் ஜின்யேவை ஏதோ வசதிக்காரி என்று நினைத்துவிடுவீர்கள்.

மூன்று வருடங்களுக்கு முன்பு அவள் வண்டியில் தினமும் ஒருத்தி ஏறுவாள். தோளில் பெரிய மூட்டை, மூட்டையிலிருந்து கடல்நீர் சொட்டும். அதைப் பக்கத்து இருக்கையில் போட்டுவிட்டு ஜன்னலில் தலையைச் சாய்த்துத் தூங்கிவிடுவாள். ஜின்யே கண்ணாடி வழியாக முறைத்து முறைத்துப் பார்த்து அலுத்துப்போய், ஒருநாள் வண்டியை ஓரங்கட்டி எழுந்தே வந்துவிட்டாள்.

"ஏம்மா, ஈர மூட்டைய சீட்ல வைக்காதேன்னு எத்தனை தடவ சொல்றது? அடுத்து வந்து உக்கார்றவங்க பின்னாடி நனைஞ்சா உன்னையா திட்டுவாங்க? என்னத்தான் திட்டுவாங்க."

"மடியில வச்சா நான் நனைஞ்சிடுவேனேக்கா."

"கடல்ல முங்கிட்டு வர்றவளுக்கு நனையறதுன்னா பயமா?"

வண்டியே சிரித்தது. ஷாவ்லான் என்ற அந்தப் பெண் பாடோவ்ஸி துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஸ்கூபா கடை வைத்திருந்தாள். இருக்கையை நனைத்ததற்கு நஷ்டஈடாக உங்களை ஒருநாள் காசு வாங்காமல் கடலுக்குள் கூட்டிப்போகிறேன் என்றாள். காசு வேண்டாம் என்றதும் ஜின்யே போனாள். வினையே அங்கேதான் ஆரம்பித்தது.

அப்படி ஒன்றும் ஆழமில்லை. கணவாய் மீன்கள் முட்டையிடட்டும் என்று மூங்கில் கொத்துகளைக் கட்டி இறக்கியிருந்தார்கள். கொத்து முழுக்க வெள்ளை வெள்ளையாக முட்டைச் சரங்கள் காய்த்துத் தொங்கின. ஒரு கணவாய் அவளை ஒற்றைக் கண்ணால் பார்த்துவிட்டு, இவளெல்லாம் ஒரு ஆளா என்பதுபோலத் தன் வேலையைப் பார்த்தது. யாரும் மணி அடிக்கவில்லை. யாரும் "டிரைவர், இங்க நிக்காதா?" என்று கேட்கவில்லை. இருபது வருடமாக முதுகுக்குப் பின்னால் மணிச்சத்தம் கேட்டே வாழ்ந்தவள், மேலே வந்து முகமூடியைக் கழற்றியபோது அழுதுகொண்டிருந்தாள். உப்புத் தண்ணீர் கண்ணில் பட்டுவிட்டது என்று சொல்லிச் சமாளித்தாள்.

பிறகு செலவு வந்தது. கணவன் எப்போதோ வேறு குடும்பமாகிப் போனவன். மகள் தைனானில் நர்சிங் படிக்கிறாள். சம்பளம் வந்த வேகத்தில் வீட்டு வாடகைக்கும் கல்லூரிக்கும் போய்விடும். மிச்சத்தில் ஜின்யே வாயைக் கட்டி வயிற்றைக் கட்டினாள். டிப்போவுக்கு வரும் சாப்பாட்டுப் பெட்டியை வாங்காமல் வீட்டிலிருந்து சோறு கொண்டுவந்தாள். தலைமுடியைத் தானே வெட்டிக்கொண்டாள், அதைப் பற்றி யாரும் நல்லதாகச் சொல்லவில்லை. இவ்வளவும் செய்து மாதத்தில் இரண்டு முறை கடலுக்குள் போக முடிந்தது. கருவிகளின் வாடகைதான் ஆளைத் தின்றது. கருவிகள் மட்டும் சொந்தமாக இருந்தால், சிலிண்டரில் காற்று நிரப்பும் காசோடு முடிந்தது. அந்த வளைகுடாவில் படகும் வேண்டாம், பாறையில் நடந்தே இறங்கிவிடலாம். வாராவாரம் போகலாம். முட்டி தேயும்வரை போகலாம்.

முதலில் உடுப்பை வாங்கினாள். கல்யாணமான பிறகு அதற்குள் நுழைய முடியாமல் போன ஒரு நெட்டை மனிதர், எடுத்துப்போனால் போதும் என்று விற்றது. கையையும் காலையும் மடித்துவிட்டால் அவளுக்கு ஆகிவிடும். தொங்கவிட்டால் முழு ஆண்பிள்ளை ஒருவன் நிற்பான்.

இந்த வருடம் ஏழாம் மாதம் பிறந்த அன்று ஷாவ்லான் கூப்பிட்டாள். "அக்கா, ஒருத்தருக்குக் காதுல கோளாறு, இனிமே எறங்கவே கூடாதுன்னுட்டாராம் டாக்டர். மூச்சுக்குழாய், காத்துச் சட்டை, கைக் கம்ப்யூட்டர், எல்லாம் சேத்து இருபதாயிரம் யுவான். புதுசு வாங்கினா மூணு மடங்கு. மாசம் முடியறவரைக்கும் உங்களுக்காக வச்சிருக்கேன், அதுக்கு மேல முடியாது. எனக்கும் கடை வாடகை இருக்கு."

ஜின்யேவிடம் பதினாலாயிரம் இருந்தது. ஆறாயிரம் இடித்தது.

அந்த ஆறாயிரத்துக்காகத்தான், சக ஓட்டுநர் ஒருவருக்குக் காய்ச்சல் என்றதும் அவள் சாயங்கால டூட்டியையும் சேர்த்து வாங்கிக்கொண்டாள். மதியம் கடலிலிருந்து வந்து உடுப்பைக் கொட்டகையில் தொங்கவிட்டிருந்தாள். வீட்டு பால்கனியில் போட்டால் கீழ்வீட்டுக்காரியின் வெள்ளைத்துணியில் சொட்டிச் சண்டை வரும். கீலுங் மழையில் விசிறி இல்லாமல் எதுவும் காயாது. மதியத்தில் கொட்டகைப் பக்கம் யாரும் வரமாட்டார்கள். இருட்டுவதற்குள் எடுத்து லாக்கரில் வைத்துப் பூட்டிவிடுவது அவள் வழக்கம். கடலுக்குள் போகிற விஷயத்தை டிப்போவில் அவள் சொன்னதில்லை. உப்புத் தண்ணீரில் குளிக்கக் காசு கொடுக்கிறாள் என்று சிரிப்பார்கள். அன்று கூடுதல் டூட்டி ரயில் நிலையத்தில் முடிந்தது. உடம்பு அடித்துப்போட்ட மாதிரி இருந்தது. அப்படியே வீட்டுக்குப் போய்ப் படுத்துவிட்டாள்.

கடைசி வண்டியைக் கொண்டுவந்து கழுவி நிறுத்துவது பான் அண்ணனின் வேலை. ஐம்பத்தெட்டு வயது. டிப்போவின் வாய் என்றால் அவர்தான். யாருக்குச் சம்பளம் கூடியது, யார் வீட்டில் சண்டை, எந்த அரசியல்வாதியின் தொப்பை எவ்வளவு என்று எல்லாவற்றுக்கும் அவரிடம் ஒரு விமர்சனம் இருக்கும்.

மறுநாள் விடியலில் முதல் ஆளாக வந்த ஜின்யே, ஞாபகம் வந்து கொட்டகைக்கு ஓடினாள். உடுப்பை இழுத்துச் சுருட்டி லாக்கரில் திணித்துவிட்டுத் திரும்பியபோதுதான் வாசலில் கழுவாமல் நின்ற வண்டியைப் பார்த்தாள். கதவுகள் சாத்தியிருந்தன. உள்ளே ஓட்டுநர் இருக்கையில் பான் அண்ணன், இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி. உதடு வெளுத்துக் கிடந்தது. பக்கவாதமோ என்று பதறிக் கதவைத் தட்டினாள். வெகுநேரம் கழித்துத்தான் திறந்தார்.

"போயிட்டானா?" என்றார்.

"யாருண்ணே?"

அவர் கொட்டகையைப் பார்த்தார். எதைப் பார்த்துப் பயந்தார் என்று ஜின்யேவுக்குப் புரிந்துவிட்டது. அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லத்தான் வாயைத் திறந்தாள். அதற்குள் மற்றவர்கள் வந்து அவரைத் தாங்கிப் பிடித்து இறக்கினார்கள். சொல்ல வேண்டிய வார்த்தையை அவள் மென்று விழுங்கிவிட்டாள்.

பான் அண்ணன் சொன்னது கொஞ்சம்தான். தண்ணீர் சொட்டச் சொட்ட ஒருவன் நின்றான், தலை இல்லை, ஒரு கையைத் தூக்கிக் காட்டினான். விசிறிக் காற்றில் கை மேலே எழும்பியிருக்கிறது என்பது ஜின்யேவுக்கு மட்டும் தெரியும். மத்தியானத்துக்குள் டிப்போப் பேச்சில் அவன் கூரை உயரம் வளர்ந்துவிட்டான். சாயங்காலம் அவன் தோளில் கடற்பாசி முளைத்திருந்தது.

"தலையில்லையாம், ஆனா சிரிச்சானாம்," என்றான் டிங். டிப்போவிலேயே இளைய ஓட்டுநர் அவன்.

"தலையில்லாம எப்படிடா சிரிப்பான்?"

"அதானேண்ணே பயமே."

பான் அண்ணன் வேலைக்கு வரவில்லை. கடைசி வண்டியை எடுக்க ஒருவரும் முன்வரவில்லை. ஒருவருக்கு இடுப்பு வலி, ஒருவருக்கு மாமியாருக்குச் சுகமில்லை, டிங் தனக்கு மாலைக்கண் என்றே சொல்லிவிட்டான். டிப்போ அதிகாரி யூ இரண்டு நாள் கத்திப் பார்த்துவிட்டு, கடைசியில் தானாக இறங்கிவந்தார். மாதம் முடியும்வரை கடைசி வண்டி எடுப்பவருக்கு ராத்திரிக்கு ஐந்நூறு யுவான் தனி பேட்டா.

ஜின்யே கையைத் தூக்கினாள்.

ஆறாயிரம் வேண்டும், ராத்திரிக்கு ஐந்நூறு, மாதம் முடிய இன்னும் அதற்குப் போதுமான நாள் இருக்கிறது. கணக்கு அவ்வளவு சுத்தமாக வந்து நின்றது. பான் அண்ணன் நாலு நாளில் எழுந்து வந்துவிடுவார், வாய் உள்ள மனிதர், அந்த வாயே அவரைத் தூக்கி நிறுத்திவிடும் என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். நாமும் நமக்கு வேண்டியதை இப்படித்தான் சொல்லிக்கொள்கிறோம்.

மற்றவர்கள் அவளை வீராங்கனையாக்கிவிட்டார்கள். எஞ்சின் சொன்னபடி கேட்கட்டும் என்று வண்டியின் முன்பக்கத்தில், 'சமத்து' என்று பொருள்படும் பெயர் கொண்ட பச்சைப் பொட்டலத் தின்பண்டத்தை வைத்தார்கள். டிங் தன் கழுத்திலிருந்த, கடலோடிகளைக் காக்கும் மாட்சு அம்மனின் தாயத்தைக் கழற்றி அவளிடம் கொடுத்தான். "எங்கம்மா கட்டினதுக்கா. பத்திரம்." அந்தத் தாயத்து அவள் சட்டைப் பையில் கல் மாதிரி கனத்தது. முதல் ராத்திரி ஐந்நூறை வாங்கும்போது கை கூசியது. நாலாவது ராத்திரி கூசவில்லை. காற்றுச் சட்டையின் படத்தை ஷாவ்லான் அனுப்பியிருந்தாள். சிவப்பு விளக்கில் வண்டி நிற்கும்போதெல்லாம் எடுத்து எடுத்துப் பார்த்தாள்.

ஒன்பதாம் நாள் பான் அண்ணனின் மனைவி டிப்போவுக்கு வந்தார். கணவரின் காக்கிச் சட்டை ஒன்று வேண்டும், கோயிலில் அதை அரிசிமேல் போர்த்திப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, பயந்து ஓடிய உயிரைத் திரும்ப வரவழைக்க வேண்டும் என்றார்.

"ரெண்டு தடவை கூப்பிட்டாச்சு, வரலம்மா. சாப்பிடல. அதைக்கூடப் பொறுத்துக்கலாம். பேசமாட்டேங்கறாரு. கல்யாணமான நாள்லேருந்து இவரு வாய மூடினா எவ்வளவு நல்லாருக்கும்னு வேண்டிக்கிட்டிருந்தேன். இப்ப அந்தச் சத்தமில்லாம வீட்ல இருக்க முடியல."

ஜின்யே அன்று மத்தியானமே போனாள். லாக்கரிலிருந்து எடுத்துவந்த உடுப்பு மூட்டையை வாசலுக்கு வெளியே வைத்தாள். கையில் பன்றிக்கால் போட்ட சேமியா இருந்தது. ஒருவருக்குக் கெட்டது நடந்தால் அதைக் கழிக்கக் கொடுப்பது. யாரால் கெட்டது நடந்ததோ அவர்தான் வாங்கித்தர வேண்டும் என்பது முறை. அதை நினைத்தபடிதான் வாங்கினாள்.

பான் அண்ணன் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. அவளைக் கண்டதும் மனைவியைத் தேநீர் போட அனுப்பினார்.

"நீதான் கடைசி வண்டி ஓட்டறியாமே."

"ஆமாண்ணே."

"மீன் துறைமுகம் ஸ்டாப்புல யாராச்சும் கை காட்டினா நிறுத்தறியா?"

"அந்த நேரத்துல அங்க யாருமே இருக்கறதில்லண்ணே."

"நான் கேட்டது அதில்ல."

அவர் எழுந்து உட்கார்ந்தார். குரல் கரகரத்தது, பல நாள் ஓட்டாத வண்டியை எடுத்தது போல.

"ஆறு வருசம் இருக்கும். குளிர்காலம், அடைமழை. நான் லேட்டு. வீட்ல இவ பொறந்தநாளுக்குச் சமைச்சு வச்சிட்டு உக்காந்திருக்கா. அந்த ஸ்டாப்பத் தாண்டறேன், பின்னாடி ஒருத்தன் கையத் தூக்கிட்டு ஓடிவர்றான். கண்ணாடில பாத்தேன். படகுல வேலை செய்யற வெளிநாட்டுப் பசங்கள்ள ஒருத்தன். அதுதான் கடைசி வண்டின்னு எனக்குத் தெரியும். நிறுத்தல ஜின்யே. மறுநாள் துறைமுகத்துத் தண்ணியில ஒருத்தன எடுத்தாங்க. அவன்தானா, வேற யாரோவா, தெரியாது. போய் விசாரிக்கற தைரியம் வரல."

ஜின்யே ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

"அன்னிக்கு அவன் முகத்த நான் பாக்கல. அதனாலதான் முகமில்லாம வந்து நின்னான். அதே மாதிரி கையத் தூக்கினான். நான் என்ன பண்ணேன் தெரியுமா? வண்டிக்குள்ள ஏறிக் கதவச் சாத்திக்கிட்டேன். ரெண்டாவது தடவையும் கதவச் சாத்தினேன்."

அவர் பயத்தில் படுத்திருக்கவில்லை, வெட்கத்தில் படுத்திருந்தார். ஜின்யே எழுந்து வெளியே போய் மூட்டையைத் தூக்கிவந்தாள். உடுப்பை உருவி இரண்டு தோளையும் பிடித்துத் தூக்கிக் காட்டினாள். தேநீரோடு வந்த மனைவி அலறிக் கோப்பையைப் போட்டு உடைத்தார்.

"அண்ணே, இது நான் கடலுக்குள்ள போறப்போ போட்டுக்கறது. அன்னிக்கு எடுக்க மறந்துட்டேன். விசிறிக் காத்துல கை தூக்கியிருக்கு. நீங்க பாத்தது இதைத்தான்."

பான் அண்ணன் உடுப்பின் கையைப் பிடித்துப் பார்த்தார். முழங்கையில் பசை போட்டு ஒட்டிய இடத்தைக் கட்டைவிரலால் தடவினார். மனைவி தரையைத் துடைத்து முடிக்கும்வரை தடவிக்கொண்டே இருந்தார்.

"எத்தனை ராத்திரி பேட்டா வாங்கினே?"

"ஏழு."

"நான் இங்க கஞ்சி எறங்காம கெடக்கறேன். நீ ஐந்நூறு ஐந்நூறா வாங்கிப் பையில போட்டுக்கிட்டிருக்கே."

"ஆமாண்ணே."

"வெக்கமாயில்ல?"

"இருக்கு."

"அப்படி என்னடி செலவு உனக்கு? பொண்ணுக்கு ஏதாச்சும் ஆயிடுச்சா?"

பெண்ணுக்கு என்று சொல்லியிருந்தால் மன்னிப்பு சுலபமாகக் கிடைத்திருக்கும். ஜின்யே சொல்லவில்லை. "எனக்குத்தான். சொந்தமா மூச்சுக்குழாயும் மத்த சாமானும் வாங்கணும். அது இருந்தா வாராவாரம் கடலுக்குப் போகலாம்."

"அங்க போய் என்ன பண்றே? மீன் பிடிக்கறியா?"

"ஒண்ணும் பண்றதில்ல. பாக்கறேன், அவ்வளவுதான். கீழ யாரும் மணி அடிக்க மாட்டாங்கண்ணே."

திட்டுவதற்காகத் திறந்த வாயை அவர் மூடிக்கொண்டார். முப்பது வருடத்துக்கு மேல் வண்டி ஓட்டியவருக்கு இதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை. "எனக்குத் தூக்கத்துலயும் அந்த மணி கேக்கும்," என்றார். பிறகு உடுப்பை மடித்து அவளிடம் கொடுத்தார். "அப்ப அவன் வரல."

"இல்லண்ணே."

"வரவே இல்ல." அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் நிம்மதியும் இருந்தது, ஏமாற்றமும் இருந்தது. சேமியாவை இழுத்து வைத்துச் சாப்பிட ஆரம்பித்தார். பாதியில் தலையைத் தூக்கி, "இதுல உப்பே இல்ல. எந்தக் கடையில வாங்கினே?" என்றார். அவர் மனைவி சமையலறைக்குள் போய் நின்று அழுதார்.

டிப்போவில் அவர் வாயைத் திறக்கப்போவதில்லை என்பது ஜின்யேவுக்குத் தெரியும். திறந்தால் ரப்பர் உடுப்புக்குப் பயந்தவர் என்ற பெயர் ஓய்வு பெறும்வரை ஒட்டிக்கொள்ளும். அவள் பேசாமல் இருந்தால் மீதி ராத்திரிகளையும் ஓட்டி முடித்துச் சாமானை வாங்கிவிடலாம். அன்று ராத்திரி கடைசி வண்டியில் மீன் துறைமுகம் வரும்வரை அதைத்தான் நினைத்தாள். அங்கே நிறுத்திப் பார்த்தாள். ஒருவருமில்லை. மழையும் வலைக்குவியலும் மட்டும் இருந்தன. ஆனால் கதவைச் சாத்தக் கை வரவில்லை.

மறுநாள் டிப்போவில் படையல். நீள மேசையில் பழம், பிஸ்கட், பீர் டின், முழுக்கோழி. எல்லோர் கையிலும் ஊதுவத்தி. அதிகாரி யூ, கொட்டகைக்கு வந்துபோன அந்த நல்ல அண்ணனைத் தனியாகக் கும்பிட்டு, அவன் முகம் கழுவித் துடைத்துக்கொள்ள ஒரு கிண்ணமும் புதுத் துண்டும் வைத்திருந்தார். துண்டைக் கண்டதும் ஜின்யேவால் தாங்க முடியவில்லை. லாக்கரைத் திறந்து உடுப்பைக் கொண்டுவந்து எல்லோர் முன்பாகவும் பிடித்துக் காட்டினாள். டிங்கின் ஊதுவத்தி கீழே விழுந்தது.

"இவன்தான் அவன்," என்றாள். "பான் அண்ணன் இடத்துல யார் இருந்தாலும் பயந்திருப்பாங்க. தப்பு என்னோடது." பேட்டா காசை உறையில் போட்டுக் கொண்டுவந்திருந்தாள். அதை மேசையில் வைத்தாள். "பயத்துக்குன்னு கொடுத்த காசு. எனக்குப் பயமே இல்லை."

எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். இடுப்பு வலிக்காரர் அவளை வாய்க்கு வந்தபடி திட்டினார். யூ, டிப்போ என்ன உன் வீட்டுக் கொல்லையா என்று ஆரம்பித்து நெடுநேரம் முடிக்கவில்லை. டிங் கையை நீட்டினான்.

"என் தாயத்தக் குடுங்கக்கா. நீங்க ஓட்டினப்பல்லாம் அது சும்மாவா வேலை பாத்திச்சு?"

அதற்குத்தான் சிரிப்பு வெடித்தது. சிரித்துவிட்டார்களே தவிர விட்டுவிடவில்லை. டிப்போ மொத்தத்துக்கும் பன்றிக்கால் சேமியா வாங்கித்தர வேண்டும் என்று தீர்ப்பானது. ஓட்டுநர்கள் சாப்பிட்டால் எவ்வளவு சாப்பிடுவார்கள் என்பதை ஜின்யே அன்றுதான் தெரிந்துகொண்டாள். பதினாலாயிரத்தில் ஒரு நல்ல பகுதி அதில் கரைந்தது.

மாதத்தின் கடைசி நாள், நல்ல அண்ணன்மார் திரும்பிப்போகும் நாள். அன்றுதான் கதவு சாத்துவார்கள். ஜின்யே மாதத்துக்கு இரண்டு என்ற தன் பங்கில் இரண்டாவதற்காக ஷாவ்லானின் கடைக்குப் போனாள். தாய்பெயிலிருந்து ஒரு பல் டாக்டர் வந்திருந்தார். அந்தச் சிவப்புக் காற்றுச் சட்டை அவர் உடம்பில் இருந்தது. விலை என்ன என்றுகூடக் கேட்கவில்லை, கார்டைத் தேய்த்துவிட்டார். தோள்பட்டை வாரை மாட்டத் தெரியாமல் அவர் தடுமாற, ஜின்யேவின் கை தானாகப் போய் மாட்டிவிட்டது.

"ரொம்ப நன்றிங்க. நீங்க இங்க வேலை பாக்கறீங்களா?"

"இல்லை. பஸ் ஓட்டறேன்."

உடை மாற்றும் அறையில் போய்க் கொஞ்சநேரம் அழுதாள். ஷாவ்லான் கதவுக்கு வெளியே நின்று, "அக்கா, இன்னிக்கு வாடகை வேணாம்," என்றாள். "பைத்தியமா உனக்கு? உன் கடைக்கு யாரு வாடகை கட்டுவா?" என்று உள்ளிருந்தே திட்டிவிட்டு, வெளியே வந்து முழுக் காசையும் எண்ணி வைத்தாள். பிறகு இறங்கினாள். மூங்கில் கொத்துகளில் முட்டைகள் பொரிந்து போயிருந்தன. வெறும் தோல்கள் ஆடிக்கொண்டிருந்தன. சிலிண்டரில் காற்று தீரும்வரை அங்கேயே இருந்தாள்.

அவள் கடைசி வண்டிக்காகக் காத்திருந்து ஏறினாள். பான் அண்ணன் வேலைக்குத் திரும்பிய முதல் நாள் அது. மாதம் முடிவதற்குள் எனக்குக் கடைசி வண்டி வேண்டும் என்று யூவிடம் சண்டை போட்டு வாங்கியிருந்தார். வண்டியில் வேறு யாருமில்லை. ஜின்யே முன் இருக்கையில் உட்கார்ந்து, மூட்டையைப் பக்கத்து இருக்கையில் போட்டாள்.

"ஈர மூட்டைய சீட்ல வைக்கக் கூடாதுன்னு ஒரு டிரைவரம்மா பெரிய சட்டம் பேசுவாங்களாம்," என்றார் அவர் கண்ணாடியைப் பார்த்து.

"வண்டியில யாருமில்லையேண்ணே."

"சாமான் வாங்கிட்டியா?"

"வித்துப்போச்சு. மறுபடியும் சேக்கணும்."

அவர் வண்டியை எடுத்தார். மழை பிடித்துக்கொண்டது. மீன் துறைமுகம் ஸ்டாப்பில் யாரும் கை காட்டவில்லை. யாரும் மணி அடிக்கவில்லை. பான் அண்ணன் வண்டியை ஓரங்கட்டி நிறுத்தி, முன்கதவைத் திறந்தார். சாரல் படிக்கட்டில் அடித்தது. அவர் அவசரப்படவில்லை. நேரமானதைக் காட்டும் கடிகாரத்தின்மேல் தன் தொப்பியைக் கழற்றிக் கவிழ்த்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து தன் சொந்தப் பயண அட்டையை எடுத்து, கட்டணக் கருவியில் வைத்தார். ஒரு டிக்கெட்டுக்கான சத்தம் கேட்டது.

"உள்ள போய் உக்காருங்க தம்பி," என்றார் மெதுவாக.

ஜின்யே மூட்டையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். குளிர்ந்த தண்ணீர் கால்சட்டையில் இறங்கியது. கைக்குட்டையை எடுத்து, பக்கத்து இருக்கையை ஈரம் போகத் துடைத்துவிட்டாள். அதன் பிறகுதான் பான் அண்ணன் கதவைச் சாத்தினார்.